கேபிளை வெட்டினோம்... மிச்சம் எங்கே?

அம்மாவின் சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர் தொங்குகிறது. சிலிண்டர் மாற்றிய தேதி, பால் பாக்கி, கேபிளுக்குக் காசு கொடுத்த தேதி என்று மூன்று கணக்குகளும் அதில்தான் ஏறும். 2025 ஏப்ரல் தாளில் மூன்றாவது கணக்கு இல்லை. அதற்கு முந்தைய மாதம்தான் நான் சென்னையிலிருந்து போய், "எல்லாம் நெட்டுலயே வருதும்மா, எதுக்கு மாசாமாசம் 250 ரூபா தண்டம்?" என்று பேசிப் பேசி கேபிளை நிறுத்த வைத்திருந்தேன்.

அப்பா நெய்வேலி இரண்டாம் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். என்.எல்.சி.யில் ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். நகரியத்தின் அகலச் சாலைகளையும் மர நிழலையும் விட்டுவிட்டு, வந்த பணத்தில் வடக்குத்து, மந்தாரக்குப்பம், வடலூர் என்று ஆளாளுக்கு ஒரு பக்கம் வீடு கட்டிக்கொண்டு போவார்கள். எங்கள் வீடு ஆர்ச் கேட்டைத் தாண்டி இந்திரா நகரில். அக்கா இன்னும் டவுன்ஷிப்புக்குள்தான் இருக்கிறாள். மாமா ஷிப்ட் வேலையில். இரண்டு வீட்டுக்கும் நடுவே பத்து நிமிட ஸ்கூட்டர் தூரம். கேபிளை எடுத்துவிட்டு ஓ.டி.டி.க்கு மாறினால் காசு மிஞ்சுமா என்ற கேள்விக்கு இந்த இரண்டு வீடுகளும் ஒரே பதிலைச் சொல்லவில்லை.

கணக்குக்குப் போகும் முன், இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட வேண்டும். அது அமெரிக்காவில் முளைத்த ஆசை. அங்கே கேபிள் பில் 100 டாலரைத் தொடுவது சாதாரணம். 8 டாலருக்கு நெட்ஃபிளிக்ஸ் வந்தபோது கேபிளைத் துண்டித்தவர்களுக்கு நிஜமாகவே காசு மிஞ்சியது. அந்த மிச்சம் நிலைக்கவில்லை என்பது வேறு கதை. 2017-ல் மாதம் 35 டாலருக்கு வந்த யூடியூப் டி.வி., 2025 ஜனவரியில் 82.99 டாலர். நெட்ஃபிளிக்ஸின் விளம்பரமில்லாத நடுத்தரத் திட்டம் அதே மாதத்தில் 17.99 டாலருக்கு ஏறியது. அதற்குள் ஜனங்கள் மாறிவிட்டார்கள். அமெரிக்காவில் சாதா ஒளிபரப்பும் கேபிளும் சேர்ந்து பிடித்த நேரத்தைவிட ஸ்ட்ரீமிங் பிடித்த நேரம் அதிகம் என்று பார்வையாளர் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனம் முதன்முதலாகக் கணக்குக் காட்டியது 2025 மே மாதத்துக்குத்தான்.

நம் ஊரில் கேபிள் என்றைக்கு 100 டாலராக இருந்தது?

எழுபது ரூபாய் ஊர்

சன் டி.வி. தொடங்கியது 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று. அதையொட்டி எங்கள் வட்டத்துக்கும் கேபிள் வந்தது. நெய்வேலிக்காரர்களுக்குத் தெருப் பெயர் இரண்டாம் பட்சம். எத்தனையாவது வட்டம் என்பதுதான் விலாசம். வேப்ப மரத்திலிருந்து புங்க மரத்துக்கும், அங்கிருந்து குவார்ட்டர்ஸ் கூரைக்கும் தாவிய கறுப்பு ஒயரைப் பார்ப்பதே எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. காற்றடித்தால் படத்தில் புள்ளி விழும். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கரையைக் கடந்தபோது மரங்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. மரத்தோடு ஒயரும் போயிற்று.

அதே 2011-ல்தான், செப்டம்பர் மாதம், அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தது. 2007-ல் தி.மு.க. ஆட்சியில் உருவாகிப் பிறகு படுத்துவிட்ட நிறுவனத்தை ஜெயலலிதா தூக்கி நிறுத்தினார். கேபிள் யார் கையில் இருக்கிறது என்பது தமிழ்நாட்டில் அரசியல் கேள்வி. அந்த அரசியலின் புண்ணியத்தில் மாதக் கட்டணம் ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டு விலையில் நின்றது. 2017-ல் டிஜிட்டலுக்கு மாறியபோது செட்டாப் பாக்ஸும் இலவசம். அதற்கு முன் 2006 தேர்தல் வாக்குறுதிப்படி கலர் டி.வி.யே இலவசமாக வந்திருந்தது. பெட்டி இலவசம், பாக்ஸ் இலவசம், மாசக் காசு 70 என்று பழகிய ஒரு மாநிலத்தில் 'கேபிளை வெட்டினால் சேமிப்பு' என்று வந்து சொன்னால், எதிலிருந்து சேமிப்பது?

விலை ஏறத்தான் செய்தது. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. இலவச சேனல்கள் 100-க்கு அதிகபட்சம் 130 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. கட்டண சேனல்களுக்குத் தனி விலை. தொகுப்பில் சேர்க்கக்கூடிய சேனலுக்கு உச்ச விலை 19 ரூபாய் என்று வைத்தார்கள்; சன் டி.வி. நேராகப் போய் அந்த உச்சத்தில் உட்கார்ந்தது. கேபிள்காரர் கொண்டுவந்த சேனல் பட்டியலை அப்பா மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு வங்கிக் கடன் பத்திரம்போல் படித்து டிக் அடித்தது நினைவிருக்கிறது. 'விருப்பமானதை மட்டும் வாங்கலாம்' என்பது சட்டத்தின் நோக்கம். பாக்கெட்டாக வாங்கினால்தான் மலிவு என்பது கடையின் நோக்கம். கடைதான் ஜெயித்தது. அரசு கேபிள் கட்டணத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் 220-லிருந்து 130 ரூபாயாக, வரி தனி, குறைத்தார்கள். 2020-ல் அதே 130-க்குள் 200 சேனல் தர வேண்டும் என்று டிராய் திருத்தியது. 2024 ஜூலையில் 130 என்ற உச்சவரம்பையே எடுத்துவிட்டது.

இவ்வளவுக்கும் பிறகு எங்கள் வீட்டில் வந்து நின்ற தொகை 250. வருடத்துக்கு 3,000 ரூபாய்.

அப்பா வீட்டுக் கணக்கு

அப்பாவும் அம்மாவும் பார்ப்பது கொஞ்சம்தான். காலையில் செய்தி, மத்தியானம் கே டி.வி.யில் ஏதோ ஒரு படம், சாயங்காலத்திலிருந்து அம்மாவுக்கு சீரியல், ஐ.பி.எல். வந்தால் அப்பாவுக்கு கிரிக்கெட். டி.வி. ஸ்மார்ட் டி.வி.தான், ஒரு தீபாவளிக்கு மாற்றியது. வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது, ஆளுக்கொரு செல்போன். இரண்டிலும் 299 ரூபாய் ரீசார்ஜ்: தினம் 1.5 ஜி.பி., 28 நாள்.

'நெட்டுலயே வருது' என்று நான் சொன்னதன் முதல் ஓட்டை இங்கேதான். பெரிய திரையில் ஹெச்.டி. தரத்தில் பார்த்தால் மணிக்கு 3 ஜி.பி. வரை போகும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. 1.5 ஜி.பி. என்பது அரை மணி நேரம். ஒரு சீரியல் முடிந்து அடுத்ததன் டைட்டில் பாட்டு ஓடும்போதே அன்றைய டேட்டா தீர்ந்துவிடும்.

ஆகவே ஃபைபர் போட வேண்டும். ஜியோவில் 30 எம்.பி. வேகத்துக்கு 399 ரூபாய். வரியோடு 470 ரூபாய் 82 காசு. வருடத்துக்கு 5,650. அதன் மேல் ஜியோ ஹாட்ஸ்டார் 'சூப்பர்' திட்டம், 2025 பிப்ரவரியில் தொடங்கியபோது இருந்த விலையில், 899. மொத்தம் 6,549. மூவாயிரத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஆறாயிரத்து ஐந்நூறு! சன் நெக்ஸ்ட், ஜீ5 சந்தாக்களை இதில் நான் சேர்க்கவே இல்லை.

இத்தோடு நிறுத்தினால் கேபிள் ஜெயித்தது என்று எழுதிவிட்டுப் போகலாம். அப்பா விடவில்லை. சுரங்கத்தில் ஸ்டோர்ஸ் கணக்குப் பார்த்தவர். வீட்டில் வைஃபை வந்தபின் செல்போனுக்குத் தினம் 1.5 ஜி.பி. எதற்கு என்று கேட்டார். தேடிப் பார்த்தோம். விளம்பரங்களில் கண்ணில் படாத ஒரு சின்னத் திட்டம் இருந்தது: 28 நாளைக்கு 2 ஜி.பி., பேசுவதற்குக் கட்டுப்பாடு இல்லை, 189 ரூபாய். ஒரு ரீசார்ஜுக்கு 110 ரூபாய் குறைகிறது. வருடத்துக்கு 13 ரீசார்ஜ். (28 நாளை ஒரு 'மாதம்' ஆக்கி, வருடத்துக்குப் பதின்மூன்று மாதம் படைத்தவர்களின் புத்திசாலித்தனத்தை எந்தப் பஞ்சாங்கக்காரரும் மிஞ்ச முடியாது.) இரண்டு போனுக்கும் சேர்த்து 2,860 ரூபாய் குறைந்தது.

இப்போது கூட்டுங்கள். முன்பு கேபிள் 3,000, இரண்டு போன் 7,774, ஆக 10,774. மாறிய பின் ஃபைபர் 5,650, ஹாட்ஸ்டார் 899, இரண்டு போன் 4,914, ஆக 11,463. வித்தியாசம் 689 ரூபாய், அதிகச் செலவு. கிட்டத்தட்ட சமம்தான். ஆனால் கொஞ்சமாவது மிஞ்சிய இடம் கேபிள் அல்ல, செல்போன் ரீசார்ஜ். யாரும் திரும்பிப் பார்க்காத பக்கத்தில் இருந்தது அது. ஜியோ 2016 செப்டம்பரில் வந்தபோது டேட்டா சும்மா கிடைத்தது. 2024 ஜூலையில் கம்பெனிகள் விலையைக் கூட்டியபோது 239 ஆக இருந்த இதே திட்டம் 299 ஆயிற்று. கேபிள்காரர் 20 ரூபாய் ஏற்றினால் வாசலில் நிறுத்திச் சண்டை போடும் நாம், இந்த 60 ரூபாயை விரலால் தட்டிவிட்டுப் போய்விட்டோம். திட்டுவதற்கு வாசலில் ஆள் வேண்டுமே.

அக்கா வீடு

டவுன்ஷிப்புக்குள் கதை வேறு. அக்கா வீட்டில் ஃபைபர் 2020-லேயே வந்துவிட்டது. கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புக்காகப் போட்டது. பள்ளி திறந்த பிறகும் யாரும் எடுக்கவில்லை. அமேசான் பிரைம் வருடத்துக்கு 1,499. அது சாமான் சீக்கிரம் வருவதற்காக வாங்கியது, படம் கொசுறு. நெட்ஃபிளிக்ஸில் டி.வி.யில் பார்க்கக்கூடிய மலிவான திட்டம் மாதம் 199, அதாவது வருடத்துக்கு 2,388. அது பெரிய பையனின் பிடிவாதம். ஹாட்ஸ்டார் 899. ஆக ஆப்களுக்கு மட்டும் 4,786. இத்தனைக்கும் நடுவே கேபிளும் ஓடிக்கொண்டிருந்தது, பார்க்க ஆளில்லாமல். அக்கா காலேஜ் வேலைக்குப் போகிறவள். ராத்திரிதான் அவளுக்கு டி.வி.

அவள் கேபிளை நிறுத்தினாள். 3,000 ரூபாய் சுத்தமாக மிஞ்சியது. மறுபேச்சில்லை.

ஆனால் அந்த வீட்டின் ஐந்து வருடக் கணக்கை விரித்தால் வேறொன்று தெரிகிறது. ஆப்கள் கேபிளுக்குப் பதிலாக வரவில்லை, கேபிளின் மேல் ஏறி உட்கார்ந்தன. ஒவ்வொன்றும் வந்தபோது ஒரு காரணம் இருந்தது; போவதற்குத்தான் காரணம் கிடைக்கவில்லை. கேபிளை நிறுத்தி மிச்சம் பிடித்த மூவாயிரம், ஆப்களுக்கு அவள் ஒரே வருடத்தில் கொடுத்ததில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. நான் விசாரித்த வீடுகளில் பெரும்பாலும் இதே கதைதான். மாற்றினேன் என்கிறவர்கள் உண்மையில் பல வருடம் சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் ஒன்றைக் கழித்தவர்கள்.

மாமாவுக்குக் காசுக் கணக்கு ஒரு பொருட்டல்ல. காலை ஆறு மணி ஷிப்ட் ஒரு வாரம், மத்தியானம் இரண்டு மணி ஷிப்ட் ஒரு வாரம், ராத்திரி பத்து மணி ஷிப்ட் ஒரு வாரம் என்று சுழல்கிறவருக்கு டி.வி. நேரம் என்ற ஒன்றே கிடையாது. எட்டு மணி நிகழ்ச்சியை மூன்று வாரத்தில் ஒரு வாரமாவது தவறவிடுவார். இரவு ஷிப்ட் முடிந்து வந்து, தூக்கம் வராமல், காலை ஏழரைக்கு முந்தைய நாள் மேட்ச்சின் கடைசி ஐந்து ஓவரைப் போட்டுப் பார்க்கிறார். கேபிள் ஊர் நேரத்துக்கு ஓடுகிறது. சுரங்கமும் அனல்மின் நிலையமும் ஊர் நேரத்துக்கு ஓடுவதில்லை. இந்த வசதிக்கு விலை போடச் சொன்னால் மாமா 899-ஐ மலிவு என்பார். நானும் அப்படித்தான் சொல்வேன்.

டவுன்ஷிப்புக்கே உரிய இன்னொரு சங்கதி மொழி. இங்கே ஒரே வட்டத்தில் மலையாளம், தெலுங்கு, இந்தி பேசுகிற குடும்பங்கள் அடுத்தடுத்து இருக்கும். கேபிளில் ஒவ்வொரு மொழிக் கட்டண சேனலும் தனிச் செலவு. ஆப்பில் ஒரே சந்தாவுக்குள் அத்தனை மொழியும் அடக்கம். தமிழ் சீரியல் மட்டும் பார்க்கிற இந்திரா நகர் வீட்டுக்கு இதனால் ஒரு பைசா லாபமில்லை. பாலக்காட்டிலிருந்தோ ராஞ்சியிலிருந்தோ வந்த வீட்டுக்கு இது பெரிய விஷயம்.

இலவசமாக வந்த கிரிக்கெட்

அப்பாவைச் சம்மதிக்க வைக்க நான் எடுத்த ஆயுதம் ஐ.பி.எல்., "போன வருஷமே செல்லுல ஓசியாத்தானே பார்த்தீங்க?" என்று. 2023-லும் 2024-லும் ஜியோ சினிமாவில் ஐ.பி.எல். இலவசம், உண்மைதான். ஆனால் அந்த ஓசிக்கு யாரோ காசு கொடுத்திருந்தார்கள். 2023 முதல் 2027 வரை ஐந்து சீசன்களுக்கான ஒளிபரப்பு உரிமை மொத்தம் 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. இந்தியாவுக்கான டி.வி. உரிமை 23,575 கோடி. டிஜிட்டல் உரிமை அதைவிடக் கொஞ்சம் அதிகம், 23,758 கோடி. செல்போன் திரை டி.வி. திரையை விலையில் மிஞ்சியது அப்போதுதான். அவ்வளவு கொட்டியவர்கள் ஒரு நாள் திரும்ப எடுக்கத்தானே செய்வார்கள். டி.வி. உரிமை வாங்கியவரும் டிஜிட்டல் உரிமை வாங்கியவரும் பிறகு ஒன்றாகிவிட்டார்கள். 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோ சினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஜியோ ஹாட்ஸ்டார் ஆயின. மார்ச்சில் ஐ.பி.எல். தொடங்கியபோது சில நிமிடம் பார்த்ததும் சந்தா கேட்டது. போட்டி இருக்கும்வரை இலவசம், போட்டி தீர்ந்ததும் கட்டணம். சந்தையில் எந்தப் பாட்டியும் சொல்லிவிடுவார் இதை.

விளம்பரக் கதையும் அப்படித்தான். கேபிளில் விளம்பரத் தொல்லை தாங்காமல் ஆப்புக்கு ஓடியவர்களைத் தேடி விளம்பரம் வந்துவிட்டது. அமேசான் பிரைம் 2025 ஜூன் 17 முதல் இந்தியாவில் படங்களுக்கு நடுவே விளம்பரம் போடுகிறது. வேண்டாம் என்றால் வருடத்துக்கு 699 ரூபாய் தனி. 899 ரூபாய்க்கு வாங்கிய ஹாட்ஸ்டாரிலும் விளம்பரம் உண்டு. சிங்கப்பூர் சித்தப்பாவின் நெட்ஃபிளிக்ஸ் பாஸ்வேர்டு இந்திரா நகரில் ஓடிய காலமும் 2023 ஜூலையோடு முடிந்தது.

மூன்று ஆப், ஒரு அம்மா

எங்கள் திட்டம் உண்மையில் உடைந்தது சீரியலில். கேபிளில் அம்மாவுக்குத் தேவை மூன்று எண்கள்: சன், விஜய், ஜீ தமிழ். விளம்பரம் வந்தால் ஒன்றிலிருந்து இன்னொன்று. கட்டை விரலே பார்த்துக்கொள்ளும். ஆப் உலகத்தில் இந்த மூன்றும் மூன்று வேறு வீடுகள். சன் வேண்டுமென்றால் சன் நெக்ஸ்ட், விஜய்க்கு ஹாட்ஸ்டார், ஜீ தமிழுக்கு ஜீ5. மூன்று சந்தா, மூன்று முடியும் தேதி. நாளிதழ் ஒன்றை நிறுத்திவிட்டு, விளையாட்டுப் பக்கத்தை ஒரு கடையிலும் ராசிபலனை இன்னொரு கடையிலும் வாங்குவதுபோல.

செய்திக்கு இந்தக் கஷ்டம் இல்லை. தமிழ்ச் செய்தி சேனல்கள் யூடியூப்பில் நேரலையாகவே ஓடுகின்றன. தூர்தர்ஷனின் தாய் நிறுவனம் 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் ஆப்பும் இருக்கிறது. அப்பாவின் காலை நேரம் பைசா செலவில்லாமல் தீர்ந்தது. மாதச் சந்தாவே வேண்டாம் என்பவர்களுக்கு டி.டி. ஃப்ரீ டிஷ் உண்டு. ஒருமுறை டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கினால் சரி. தமிழ் சேனல்கள் அதில் சொற்பம். சீரியல் பார்க்கிற வீட்டில் அது எடுபடாது.

கே டி.வி. மத்தியானப் படத்துக்குத்தான் எனக்கு மாற்றே கிடைக்கவில்லை. ஆப்பில் ஆயிரம் படம் இருக்கிறது. அம்மா ரிமோட்டை வைத்துக்கொண்டு படப் பெயர்களை மேலும் கீழும் தள்ளுவார், பத்து நிமிடம் கழித்து அணைத்துவிடுவார். "அவங்க போட்டா பாக்கலாம்டா. நானா தேடிப் போட்டுப் பாக்கணும்னா எந்தப் படம்னு தெரியல" என்றார். பாதியிலிருந்து ஓடுகிற படத்தை, முன்பே நாலு முறை பார்த்த படத்தை, கீரை ஆய்ந்துகொண்டே பார்ப்பது தனிச் சுகம். அதை எந்த ஆப்பும் இன்னும் விற்கவில்லை.

இளைய தலைமுறை சொல்கிற ஒரு யோசனை உண்டு, அது நிஜமாகவே காசு மிஞ்சும் யோசனை: ஒரு மாதம் ஒரு ஆப், பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்ததும் நிறுத்து, அடுத்த மாதம் வேறு. மாமாவுக்கும் அக்கா பையனுக்கும் சரி. தொடர் என்றால் ஐந்நூறு எபிசோடு என்று அர்த்தம் கொள்கிற அம்மாவுக்கு எந்த மாதம் நிறுத்துவது? இதில் சோம்பேறிகளுக்கு இன்னொரு பொறி, தானாகவே கழியும் சந்தா. 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். வருகிறது. ஓ.டி.பி.களுக்கும் கடன் விளம்பரங்களுக்கும் நடுவே அந்தக் குறுஞ்செய்தியை யார் படிக்கிறார்கள்?

கேபிள்காரர் அப்படியில்லை. ஐந்தாம் தேதி வாசலில் வந்து நிற்பார். கையில் இல்லையென்றால், "அடுத்த மாசம் சேத்துக் குடுங்கம்மா." எந்தக் கம்பெனி ஆப்பும் சம்பளத் தேதிவரை காத்திருந்ததில்லை. அவர் தொழிலும் தேய்கிறது. டி.டி.ஹெச்.சில் கட்டணம் கட்டிப் பார்க்கிறவர்கள் 2024 மார்ச்சில் 6.2 கோடி, ஒரே வருடத்தில் 5.7 கோடி என்று டிராய் கணக்கு. கேபிளிலும் ஆட்கள் கழன்றுகொண்டே இருக்கிறார்கள். 2022 நவம்பரில் மென்பொருள் தகராறில் அரசு கேபிள் பாக்ஸ்கள் லட்சக்கணக்கில் முடங்கியபோது போனவர்களில் பலர் திரும்பவில்லை. அதனால்தான் தமிழ்நாடு முழுக்கக் கேபிள்காரர்கள் ஃபைபர் ஒயரையும் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

ஜூன் முதல் வாரத்தில், ஐ.பி.எல். முடிந்த கையோடு, அம்மா எங்கள் கேபிள்காரரைக் கூப்பிட்டுவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. பாக்ஸ் பரணில்தான் இருந்தது. அவர் ஏணி வைத்து ஏறி, ஒயரைச் சொருகிக்கொண்டே அப்பாவிடம் சொன்னாராம்: "தெரியும் சார். அதான் பாக்ஸைத் திருப்பிக் கேக்கல."

ஃபைபரை எடுக்க அப்பா சம்மதிக்கவில்லை. பேரனோடு வீடியோவில் பேசுவதற்கும் காலைச் செய்திக்கும் அது வேண்டும். இப்போது இந்திரா நகர் வீட்டில் இரண்டும் ஓடுகின்றன. கேபிள் 3,000, ஃபைபர் 5,650, ஹாட்ஸ்டார் 899, இரண்டு போன் 4,914, ஆக 14,463. மிச்சம் பிடிக்க நான் கிளம்பிப் போன நாளைவிட வருடத்துக்கு 3,689 ரூபாய் அதிகம்.

போன தடவை போனபோது காலண்டரைப் பார்த்தேன். 5-ம் தேதியில் 'கேபிள்', 12-ல் 'நெட்', வேறு இரண்டு தேதிகளில் 'அவர் போன்', 'என் போன்'. ஜூலைத் தாளில் மட்டும் நெய்வேலி லிக்னைட் ஹால் புத்தகக் கண்காட்சி நாட்களைச் சுற்றி அப்பா சிவப்பில் கோடு போட்டிருந்தார். அந்த நாட்களில் சாயங்காலம் வீடு பூட்டியிருக்கும்.